ரோபோ எப்படி வேலை செய்கிறது? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரோபோட்டிக்ஸ் பக்கம் புதிதாக வரும் மாணவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பள்ளி அளவு இயற்பியலும் கணக்கும் தெரிந்தால் போதும். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் சென்சார், நேராக ஓடாத வண்டி, பி.ஐ.டி. ஆகிய மூன்றையும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ரோபோ என்றால் மனிதனைப் போல இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தொழிற்சாலைகளில் இருப்பவற்றுக்கு முகமும் கிடையாது, காலும் கிடையாது. தரையில் போல்ட் போட்டு இறுக்கிய ஒற்றைக் கை, அவ்வளவுதான். உருவத்தை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: சுற்றி நடப்பதை உணர்கிறதா, உணர்ந்ததை வைத்து முடிவெடுக்கிறதா, அந்த முடிவின்படி எதையாவது அசைக்கிறதா?

ரிமோட் கார் ரோபோ அல்ல. முடிவெடுப்பவர் ரிமோட்டைப் பிடித்திருப்பவர். அதே காரின் மூக்கில் தூரம் அளக்கும் சென்சார் ஒன்றைப் பொருத்தி, சுவர் நெருங்கினால் தானே நின்றுவிடும்படி செய்தால் அது ரோபோ ஆகத் தொடங்கிவிட்டது. எல்லைக்கோடு கொஞ்சம் மங்கல்தான். ஏ.சி. கூட வெப்பத்தை உணர்ந்து தன்னை அணைத்துக்கொள்கிறது; அதை யாரும் ரோபோ என்பதில்லை. ரோபோட்டிக்ஸ் சொற்களுக்கான ஐ.எஸ்.ஓ. 8373 என்ற சர்வதேசத் தரநிலை, நிரல்படி இயங்குவது, ஓரளவு சுயமாகச் செயல்படுவது, நகர்வது அல்லது பொருளைக் கையாள்வது ஆகியவற்றை வைத்து வரையறுக்கிறது. தேர்வுக்கு அது போதும்.

ஆட்டோமேஷனும் ரோபோட்டிக்ஸும் ஒன்றா?

இல்லை. மனிதர் தலையிடாமல் ஒரு வேலை தானாக நடந்தால் அது ஆட்டோமேஷன். லிஃப்ட், வாஷிங் மெஷின், தானாக நிறம் மாறும் சிக்னல் எல்லாம் அதில் அடக்கம். ரோபோ அதற்குள் ஒரு பகுதி.

பாட்டிலுக்கு மூடி போடும் மெஷின் மூடி மட்டுமே போடும், ஆனால் அசுர வேகத்தில் போடும். ரோபோக் கை அப்படியல்ல. முனையில் இருக்கும் கருவியை மாற்றி, நிரலையும் மாற்றிவிட்டால் வெல்டிங் செய்த கை பெயின்ட் அடிக்கும். இந்த வளைந்து கொடுக்கும் தன்மைக்காகத்தான் ரோபோவை வாங்குகிறார்கள். ஒரே பொருளை லட்சக்கணக்கில், வருடக்கணக்கில் செய்யப்போகிறீர்கள் என்றால் ரோபோ வேண்டாம், அதற்கென்றே செய்த மெஷின்தான் சரி. ரோபோ ஆர்வலர்களுக்கு இது பிடிக்காது. தொழிற்சாலையில் கணக்கு பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும்.

முதல் ரோபோ எது?

தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் ரோபோ யூனிமேட். 1961-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. அச்சில் வார்த்த சூடான உலோகப் பாகங்களை எடுத்து வைப்பது அதன் வேலை; மனிதர்களுக்கு ஆபத்தான வேலையும்கூட. 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஜார்ஜ் டெவோல், அதைத் தொழிலாக வளர்த்தவர் ஜோசப் எங்கல்பெர்கர். அதற்குக் கண் கிடையாது. பதிவு செய்து வைத்த அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்தது.

எங்களைக் கேட்டால், மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைவிடப் பழைய இரண்டு ஆமைகளை. 1940-களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர் செய்த அந்த ஆமைகளில் ஒரு ஒளி உணரி, ஒரு தொடு சுவிட்ச், டிரான்சிஸ்டருக்கு முன்பு பயன்பட்ட வெற்றிடக் குழாய் வால்வுகள் இரண்டு, இரண்டு மோட்டார்கள். கம்ப்யூட்டரும் இல்லை, நிரலும் இல்லை. வெளிச்சத்தைத் தேடிப் போகும், மிக அதிகமானால் விலகும், முட்டினால் வழி மாறும். பார்த்தவர்களுக்கு அவை யோசிப்பது போலவே இருந்தது. இத்தனை குறைந்த உதிரிப்பாகங்களில் இவ்வளவு நடத்தை வருமா என்பது இன்றைக்கும் நல்ல கேள்வி.

ரோபோவுக்குள் என்னென்ன இருக்கும்?

சென்சார், கன்ட்ரோலர், மோட்டார் போன்ற இயக்கிகள், இவற்றைத் தாங்கும் உடல், மின்சாரம். புத்தகங்கள் முதல் மூன்றைப் பக்கம் பக்கமாகப் பேசும். பள்ளிப் போட்டிகளில் ரோபோ படுத்துவிடுவது பெரும்பாலும் கடைசி இரண்டால்: லூஸான ஸ்க்ரூ, தீர்ந்த பேட்டரி.

சென்சார் காட்டுவதை அப்படியே நம்பலாமா?

கூடாது. மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் அல்ட்ராசோனிக் சென்சாரையே எடுத்துக்கொள்வோம். அது தூரத்தை அளப்பதே இல்லை, நேரத்தை அளக்கிறது. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பிவர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்கிறது. தூரமாக மாற்றுவது நம் நிரல். 20 டிகிரி செல்சியஸில் ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். 1 மீட்டர் தள்ளி இருக்கும் சுவருக்குப் போய்வர 2 மீட்டர், அதாவது ஏறக்குறைய 5.8 மில்லி நொடி.

இப்போது வெப்பம் 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலியின் வேகம் சுமார் 355 மீட்டராகிவிடும். எதிரொலி சீக்கிரம் வந்துசேரும். நிரலோ 343 என்றே கணக்குப் போடும், 1 மீட்டர் தூரத்தை 97 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். சென்சார் பழுதில்லை, நிரலிலும் தவறில்லை; நாம் வைத்த அனுமானம்தான் பொய்த்துவிட்டது.

இதைவிட மோசமானது சாய்ந்த சுவர். ஒலி வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், எதிரொலியே வராது. ‘எதிரே ஒன்றுமில்லை’ என்று ரோபோ முழு வேகத்தில் போய் மோதும். கனமான திரைச்சீலையும் ஒலியை உறிஞ்சிவிட்டு இதே வேலையைச் செய்யும்.

அப்புறம், இடையிடையே வரும் அபத்த எண்கள். ஐந்து முறை அளந்ததில் 52, 51, 53, 0, 52 என்று வந்தால் சராசரி 41.6. ரோபோ தேவையில்லாமல் பிரேக் போடும். அதே ஐந்தையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுங்கள்: 0, 51, 52, 52, 53. விடை 52. பள்ளியில் ‘இடைநிலை அளவு’ என்று படித்துவிட்டு மறந்துபோன அதே கணக்கு, இங்கே ஒரு மோதலைத் தடுக்கிறது.

இரண்டு மோட்டாருக்கும் ஒரே வேகம் கொடுத்தும் ரோபோ ஏன் நேராகப் போவதில்லை?

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மோட்டார்கள்கூட ஒரே மாதிரி ஓடுவதில்லை. கியர் உராய்வு, சக்கரத்தின் பிடிப்பு, எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஏதாவது ஒன்று மாறும். நீங்கள் கொடுத்தது கட்டளை, நடந்தது வேறு. நடந்ததை யாரும் அளக்கவில்லை என்பதுதான் சிக்கல். இப்படிக் கட்டளை கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்குத் திறந்த சுற்று என்று பெயர்.

சக்கரத்தோடு சுழலும் என்கோடர் தட்டு ஒன்றைப் பொருத்துங்கள்; அதன் துளைகள் கடப்பதை எண்ணினால் சக்கரம் எவ்வளவு சுழன்றது என்று தெரியும். 20 துளைகள் உள்ள தட்டு, சக்கரத்தின் விட்டம் 6.5 செ.மீ. என்று வைப்போம். சுற்றளவு சுமார் 20.4 செ.மீ., எனவே ஒரு துளை கடந்தால் 1 செ.மீ. நகர்ந்ததாகக் கொள்ளலாம். இடது சக்கரம் 100 எண்ணும்போது வலது 96தான் எண்ணியிருக்கிறது என்றால் வலது பக்கம் 4 செ.மீ. பின்தங்கிவிட்டது. நான்கு சதவீதம்தானே என்று தோன்றும். சக்கரங்களுக்கு இடையே 15 செ.மீ. இருந்தால், ஒரு மீட்டர் ஓடுவதற்குள் ரோபோ ஏறத்தாழ 15 டிகிரி வலது பக்கம் திரும்பியிருக்கும்!

இந்த வித்தியாசத்தைப் பார்த்து வலது மோட்டாருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் அது மூடிய சுற்று. அளந்ததை மீண்டும் கட்டளைக்குள் கொண்டுவருவதுதான் பின்னூட்டம். புதிய யோசனை அல்ல. 1788-ல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினில் சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகளை வைத்தார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து உயரும், உயர்ந்தால் நீராவி வால்வு சற்று மூடும், வேகம் குறையும். ஒரு கம்பி மின்சாரம்கூட இல்லாத பின்னூட்டம்.

என்கோடரிலும் ஒரு ஓட்டை உண்டு. அது சக்கரத்தைப் பார்க்கிறதே தவிர, தரையைப் பார்க்கவில்லை. வழுவழுப்பான தரையில் சக்கரம் வழுக்கினால் நின்ற இடத்திலேயே ஒரு மீட்டர் போய்விட்டதாக ரோபோ நம்பும். இந்தப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும், தானாகக் குறையாது. அதனால்தான் பெரிய ரோபோக்களில் என்கோடரோடு, திரும்புவதை உணரும் கைரோ, கேமரா, லேசரால் தூரம் அளக்கும் லைடார் என்று பலவற்றைச் சேர்த்து, ஒன்று சொல்வதை இன்னொன்றால் சரிபார்க்கிறார்கள்.

பி.ஐ.டி. என்கிறார்களே, அது என்ன?

திருத்தம் எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கான பதில். கறுப்புக் கோட்டைத் தொடரும் ரோபோவை வைத்தே பார்ப்போம். கோட்டின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது பிழை.

பிழைக்கு ஏற்ற அளவில் திருப்புவது ‘பி’. அதிகம் விலகினால் அதிகம் திருப்பு, கொஞ்சம் விலகினால் கொஞ்சம் திருப்பு. இது மட்டும் இருந்தால், ரோபோ கோட்டை நோக்கி வேகமாகத் திரும்பி, அதைத் தாண்டிப் போய், மறுபடி திரும்பி, பாம்பு போல நெளிந்துகொண்டே போகும். பிழை எந்த வேகத்தில் மாறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே கையை இழுத்துக்கொள்வது ‘டி’, நெளிவு அடங்கும். நீண்ட நேரமாக ஒரே பக்கம் சிறிதளவு விலகியே ஓடுகிறது என்றால் அந்தச் சின்னப் பிழைகளைக் கூட்டிக்கொண்டே வந்து திருத்துவது ‘ஐ’.

நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922-ல் கப்பலைத் தானாகத் திருப்பும் கருவிக்காக இந்தக் கணக்கை எழுதினார். அனுபவமுள்ள மாலுமிகள் சுக்கானை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கவனித்து எழுதியது அது. கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டுமல்ல, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் அவர்கள் பார்த்தார்கள்.

எண்களை எப்படிப் பிடிப்பது? முதலில் ‘ஐ’, ‘டி’ இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். ரோபோ நெளியத் தொடங்கும்வரை ‘பி’யைக் கூட்டுங்கள். பிறகு நெளிவு அடங்கும்வரை ‘டி’. கோடு தொடரும் ரோபோவுக்கு இந்த இரண்டே பெரும்பாலும் போதும். ‘ஐ’யைத் தொடாமல் விடுவது நிம்மதி. ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் ரோபோவைக் கையால் பிடித்து நிறுத்தினால்கூட அது உள்ளே பிழையைக் கூட்டிக்கொண்டே இருக்கும், விட்டதும் எகிறிக் குதிக்கும்.

ரோபோக் கைக்கு ஏன் ஆறு மூட்டுகள்?

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்ல மூன்று எண்கள்: முன்-பின், இட-வலம், மேல்-கீழ். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல இன்னும் மூன்று. மொத்தம் ஆறு. எட்டும் தூரத்தில் எந்த இடத்துக்கும், எந்தக் கோணத்திலும் போக வேண்டுமானால் ஆறு மூட்டுகளாவது தேவை. மேலிருந்து எடுத்துக் கீழே வைக்கும் வேலைக்கு நான்கே போதும்; சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் ஸ்காரா வகைக் கைகள் அப்படித்தான்.

மனிதக் கைக்கு ஏழு என்று கணக்கு. உள்ளங்கையை மேசைமேல் அழுத்தி வைத்து, தோளையும் நகர்த்தாமல், முழங்கையை மட்டும் அசைத்துப் பாருங்கள். அசையும். அந்த உபரி ஒன்றால்தான், வழியில் தடை இருந்தால் முழங்கையை ஒதுக்கிக்கொண்டு அதே பொருளை நம்மால் எடுக்க முடிகிறது.

டி.சி., சர்வோ, ஸ்டெப்பர்: எந்த மோட்டார் எதற்கு?

சக்கரம் சுழல வேண்டுமா, டி.சி. மோட்டார். குறிப்பிட்ட கோணத்தில் போய் நிற்க வேண்டுமா, சர்வோ. சிறிய சர்வோக்கள் பொதுவாக 20 மில்லி நொடிக்கு ஒருமுறை வரும் துடிப்பின் நீளத்தைப் பார்த்துக் கோணத்தை முடிவு செய்கின்றன, 1.5 மில்லி நொடி என்றால் நடு. அதற்குள்ளேயே ஒரு சிறிய பின்னூட்டச் சுற்று இருக்கிறது. ஸ்டெப்பர் படிப்படியாக நகரும், வழக்கமாக ஒரு சுற்றுக்கு 200 படிகள், படிக்கு 1.8 டிகிரி. முப்பரிமாணப் பிரின்டர்களில் இருப்பது இதுதான். சுமை அதிகமானால் சில படிகளை விட்டுவிடும், விட்டது அதற்கே தெரியாது.

மோட்டார் ஓட ஆரம்பித்ததும் ஆர்டுயினோ ரீசெட் ஆகிவிடுகிறதே?

நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று இறங்கும், ஆர்டுயினோ என்ற அந்தச் சிறிய கன்ட்ரோலர் போர்டு மயங்கி விழுந்து எழும். ரீசெட் என்று நீங்கள் பார்ப்பது அதைத்தான். நிரலில் எவ்வளவு தேடினாலும் பிழை கிடைக்காது.

மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள், ஆனால் இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) இணைத்துவிடுங்கள். இணைக்காவிட்டால் சிக்னலுக்கு அர்த்தமே இருக்காது. சதுரமான 9 வோல்ட் பேட்டரியால் மோட்டார் ஓட்டாதீர்கள். வோல்ட் இருக்கும், அவ்வளவு மின்னோட்டத்தைத் தரத் தெம்பு இருக்காது. போர்டின் பின்னில் மோட்டாரை நேரடியாக மாட்டுவது அதைவிட ஆபத்து. ஆர்டுயினோ ஊனோவின் ஒரு பின்னுக்குப் பாதுகாப்பான அளவு 20 மில்லி ஆம்பியர்தான். எல்.இ.டி.க்கு அது போதும். மோட்டாருக்கு நடுவில் மோட்டார் டிரைவர் என்ற சர்க்யூட் வேண்டும்.

பி.எல்.சி. என்பது என்ன? ஆர்டுயினோ போதாதா?

வேலை ஒன்றுதான், வேலை செய்யும் இடம் வேறு. தூசு, அதிர்வு, சூடு, மின் இரைச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே வருடக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டிய கன்ட்ரோலர் பி.எல்.சி. 1960-களின் இறுதியில், சுவர் முழுக்க அடைத்துக்கொண்டிருந்த ரிலேக்களுக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) மாற்றாக வந்தது. அதனால்தான் அதன் லேடர் நிரல் இன்றும் ரிலே வரைபடம் போலவே இருக்கிறது. அப்போதைய எலக்ட்ரீஷியன்களுக்குப் புரிய வேண்டுமே! உள்ளீடுகளை எல்லாம் படி, நிரலை ஓட்டு, வெளியீடுகளை மாற்று, மறுபடி முதலிலிருந்து. இந்தச் சுழற்சி பொதுவாகச் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும்.

ஏ.ஐ. இல்லாமல் ரோபோ உண்டா?

ஏராளமாக உண்டு. பொருள் எப்போதும் ஒரே இடத்தில் வரும் என்றால், கையை ஒருமுறை அந்த இடத்துக்கு நகர்த்திக் காட்டிப் பதிவு செய்துவிட்டால் போதும். தொட்டியில் குவியலாகக் கிடக்கும் பொருள்களில் ஒன்றைப் பார்த்து எடு என்று சொல்லும்போதுதான் கற்றுக்கொள்ளும் மென்பொருள் தேவைப்படுகிறது.

எது கஷ்டம், எது சுலபம் என்பதில் நம் ஊகம் தலைகீழாகிவிடும். பெரியவர்கள் திணறும் சதுரங்கம் கம்ப்யூட்டருக்கு வசப்பட்டது. ஒரு வயதுக் குழந்தை அநாயாசமாகச் செய்யும் பார்ப்பது, நடப்பது, பிடிப்பதெல்லாம் கஷ்டமாக இருக்கிறது என்று 1988-ல் ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொரவெக் எழுதினார். 1997-ல் டீப் புளூ என்ற சதுரங்கக் கம்ப்யூட்டர் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தபோது, அதன் காய்களைப் பலகையில் நகர்த்திக்கொண்டிருந்தது ஒரு மனிதர்.

செவ்வாயில் இருக்கும் ரோவரை இங்கிருந்து ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுகிறார்களா?

முடியாது. சிக்னல் ஒரு வழி போகவே, கோள்கள் இருக்கும் நிலையைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். பள்ளம் தெரிகிறது என்ற படம் வந்து, நில் என்ற கட்டளை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் அன்றைய வேலையை மொத்தமாக அனுப்பிவிடுகிறார்கள். வழியில் கல்லைத் தவிர்ப்பது போன்றவற்றை ரோவரே பார்த்துக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிர், அறுவை சிகிச்சை அறையில் இருக்கும் டா வின்சி. அதை ரோபோ என்கிறோம், ஆனால் ஒவ்வோர் அசைவும் மருத்துவரின் கையிலிருந்து வருகிறது. ஆக, சுயமாகச் செயல்படுவது என்பது ஆம், இல்லை என்று பதில் சொல்லும் விஷயமல்ல. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அசிமோவின் மூன்று விதிகளை ரோபோக்களில் எழுதி வைத்திருக்கிறார்களா?

இல்லை. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் எழுதி 1942-ல் வெளிவந்த ஒரு சிறுகதையில் வந்த விதிகள் அவை. ‘மனிதனுக்குத் தீங்கு செய்யாதே’ என்று எழுத வேண்டுமானால் மனிதன் யார், தீங்கு எது என்று ரோபோவுக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலான தொழிற்சாலை ரோபோக்களுக்கு எதிரே நிற்பது மனிதனா இரும்பா என்றே தெரியாது. 1979-ல் அமெரிக்காவில் ஒரு கார் ஆலையில் ரோபோ மோதி ஒரு தொழிலாளர் இறந்தார். அதற்கு அவர் அங்கே இருப்பதே தெரியவில்லை.

எனவே உண்மையான பாதுகாப்பு வேலி, கதவு திறந்தால் மின்சாரம் அறுபடும் சுவிட்ச், குறுக்கே கை வந்தால் நிறுத்தும் ஒளித்திரை, சிவப்பு அவசர பட்டன் ஆகியவற்றில்தான் இருக்கிறது. அந்தப் பட்டனின் வயரிங்கைக் கவனியுங்கள். அழுத்தினால் சுற்று மூடுவதில்லை, திறக்கிறது. எலி கடித்து வயர் அறுந்தாலும் ரோபோ நின்றுவிடும். பழுது வந்தால் பாதுகாப்பான பக்கம் சாயும்படி வடிவமைப்பது இந்தத் துறையின் பழக்கம்.

உங்கள் மேசையில்: புதிய நிரலை முதலில் சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கி வைத்து ஓட்டிப் பாருங்கள். உப்பிப்போன லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

எந்த நிரல்மொழியில் தொடங்குவது?

ஆர்டுயினோ என்றால் சி++, ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் என்றால் பைத்தான். இதில் அதிகம் யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஆர்.ஓ.எஸ். என்ற பெயர் காதில் விழும். பெயரில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தாலும் அது அப்படியல்ல. ரோபோவின் பல நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் மென்பொருள் தொகுப்பு. முதல் ரோபோவுக்குத் தேவையே இல்லை.

கிட் இல்லாமல் கற்க முடியுமா?

ஓரளவு முடியும். டிங்கர்காட் தளத்தில் ஆர்டுயினோ சர்க்யூட்டைத் திரையிலேயே மாட்டி ஓட்டலாம். வீபாட்ஸ், கசீபோ இரண்டும் இலவசமான ரோபோ சிமுலேட்டர்கள். ஆனால் சிமுலேட்டரில் நீங்களாகச் சேர்க்காதவரை தரையில் தூசு இல்லை, பேட்டரி இறங்குவதில்லை, இரண்டு மோட்டார்களும் இரட்டைப் பிறவிகள். அங்கே பிடித்த பி.ஐ.டி. எண்கள் நிஜ ரோபோவில் பெரும்பாலும் அப்படியே பொருந்தாது.

முதலில் எதைச் செய்வது, கோடு தொடரும் ரோபோவா, தடையைத் தவிர்ப்பதா?

கோடு தொடர்வது. தடையைத் தவிர்க்கும் ரோபோ எப்படியாவது திரும்பிப் போய்விடும், சரியாகத்தான் ஓடியதா என்று சொல்ல வழியில்லை. கோட்டில் அப்படியல்ல, எவ்வளவு விலகுகிறது என்பது கண்ணெதிரே தெரியும், எண்ணாகவும் கிடைக்கும். வெள்ளை அட்டையில் கறுப்பு டேப் ஒட்டுங்கள். முதலில் மோட்டாரே இல்லாமல், சென்சாரைக் கையால் கோட்டின் மேல் நகர்த்தி, திரையில் வரும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அறையில் விளக்கைப் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை. கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கும், இரண்டு நேரத்துக்கும் பொருந்தும் ஓர் எல்லை எண் கிடைத்த பிறகு மோட்டாரை மாட்டுங்கள்.